ஏஐ கோடிங் ஏஜென்ட்டுக்கு எழுதிய அறிவுறுத்தல் தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் டீமின் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பு (நமக்காக நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் வேலை தொடங்குமுன் வாசிக்கிற அறிவுறுத்தல் கோப்பு) முந்நூறு வரியைத் தாண்டிவிட்டது, வாசிக்கிற எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள், ஏஜென்ட் மட்டும் பழைய பிழையையே திரும்பச் செய்கிறது, இதன் தரத்தை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடமாக இதே கோப்போடு மல்லுக்கட்டியவள் சொல்கிறேன்: வாசித்துப் பார்த்து அளக்க முடியாது. வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான் இருப்பது திருகோணமலை, உப்புவெளி. நாங்கள் மூன்று பேர். இங்கிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் இருக்கும் சின்ன விடுதிகளுக்கு அறை பதிவு மென்பொருள் எழுதுகிறோம். சென்ற வருடம் ஒரு விடுதிக்கார அம்மா விடிந்ததும் விடியாததுமாக கோல் எடுத்தார். "பிள்ளை, பதினாலாந் திகதி வாற ஆக்களுக்கு பதின்மூண்டு எண்டு காட்டுது. அண்டைக்கு அறையில வேற ஆக்கள் இருக்கினம்."

அந்தப் பகுதியை எழுதியது ஏஜென்ட். எங்கள் கோப்பில் அப்போதே ஒரு வரி இருந்தது: "திகதிகளைக் கவனமாகக் கையாளவும், நேர வலயப் பிழைகளைத் தவிர்க்கவும்." மூன்று பேரும் வாசித்துத் தலையாட்டிய வரி. நடந்தது என்னவென்றால், 14ஆம் திகதியை இலங்கை நேர நள்ளிரவாக வைத்து ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு டேட் ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கியிருக்கிறது. அந்த ஃபங்ஷன் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நாம் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே 14ஆம் திகதி நள்ளிரவு, 13ஆம் திகதி மாலை 6.30 ஆகிவிடும். முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 13. கவனமாக இரு என்றோம், எதில் என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம், எங்களோடு வேலை செய்கிற தம்பி (கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர்) ஒன்று கேட்டார்: "அக்கா, இந்த வரி இல்லாமலே இருந்திருந்தா ஏதும் மாறியிருக்குமா?" இப்போது நாங்கள் செய்வதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

பிழையைத் திருத்துவதற்கு முந்தைய கமிட்டுக்கு (சேமித்து வைத்த நிலைக்கு) போய், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வொர்க்ட்ரீ வசதியில் தனிப் பிரதி எடுத்தோம். ஏஜென்ட்டுக்கு முதலில் கொடுத்த அதே வேலையை, அந்த வரியோடு ஐந்து தடவை, வரி இல்லாமல் ஐந்து தடவை கொடுத்தோம். ஒரே வேலையைக் கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அது வேறு வழியில் போகும் என்பதால் ஒரு ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சரிபார்க்கும் டெஸ்ட்டை அதன் கண்ணில் படாமல் வெளியே வைத்திருந்தோம். வரி இருந்தபோதும் சரி, இல்லாதபோதும் சரி, அதே பிழை வந்துகொண்டே இருந்தது. பிறகு வரியை இப்படி மாற்றினோம்: "தங்கும் திகதி என்பது நாள் மட்டும். 2025-06-14 என்ற எழுத்து வடிவிலேயே டேட்டாபேஸிலிருந்து திரை வரை போக வேண்டும். டேட் ஆப்ஜெக்ட்டாக மாற்ற வேண்டாம். நாள் கூட்டிக் கழிக்க இன்ன கோப்பில் உள்ள ஃபங்ஷனைப் பாவிக்கவும்." ஐந்து ஓட்டத்திலும் பிழை வரவில்லை. இரண்டு வரியும் சொல்ல வருவது ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைப் பின்பற்றியதா இல்லையா என்று ஏஜென்ட் எழுதிய நிரலைப் பார்த்து யாரும் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் சீசன் விலை. இலங்கைச் சுற்றுலா என்றதும் ஏஜென்ட் டிசம்பர் முதல் மார்ச் வரை உச்சப் பருவம் என்று தானாகவே எழுதிவிட்டது. தெற்கு, மேற்குக் கரைக்கு அது சரி. இங்கே டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, புறாத்தீவுக்குப் படகு விடுவதே சிரமம். எங்கள் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. நிரலை எவ்வளவு துருவினாலும் இது கிடைக்காது, இணையத்தில் படித்ததை வைத்து ஊகித்தால் பிழையாகிவிடும். இந்த மாதிரி வரிகளுக்காகத்தான் அந்தக் கோப்பே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களிடம் அந்த வரி இருந்தது, ஆனால் நீண்ட கோப்பின் நடுவில் எங்கோ கிடந்தது. நீண்ட உரையின் நடுவில் இருப்பதை மொழி மாதிரிகள் தவறவிடுகின்றன, தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பிடிக்கின்றன என்று 2023இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. வரியை மேலே கொண்டுவந்தோம். கட்டணம் செலுத்தும் பகுதிக்கான விதிகளை அந்தக் கோப்புறைக்குள்ளேயே தனி ஏஜென்ட்ஸ்.எம்டியில் போட்டோம். திருத்துகிற கோப்புக்கு மிக அருகில் இருப்பதற்குத்தான் முன்னுரிமை என்பதால் அது வசதி.

முடிவு சரியா பிழையா என்பதோடு நின்றுவிடாமல், ஓட்டத்தின் பதிவை முழுதாக வாசியுங்கள். எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அதுதான். எங்கள் கோப்பு "மாற்றம் செய்ததும் என்பிஎம் டெஸ்ட் ஓட்டவும்" என்றது, அதாவது எல்லா டெஸ்ட்டையும் ஓட்டும் கட்டளை. முழு டெஸ்ட்டும் ஓடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏஜென்ட் பொறுத்துப் பார்த்து, நேரம் கடந்து அறுந்து, கடைசியில் டெஸ்ட்டே ஓட்டாமல் "முடிந்தது" என்று எழுதியது. ஒரு கோப்பின் டெஸ்ட்டை மட்டும் ஓட்டும் கட்டளையைக் கொடுத்ததும் அந்தப் பிழை நின்றுபோனது. இன்னொரு பதிவில், நாங்கள் எப்போதோ பெயர் மாற்றிய கோப்புறையைத் தேடி அலைந்து, கிடைக்காமல், அதே பழைய பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தது. கோப்புறை வரைபடம் முழுவதையும் அன்றே அழித்தேன். அதை ஏஜென்ட் தானே பார்த்துக்கொள்ளும்.

"செய்யாதே" என்று மட்டும் சொல்லும் வரிகளையும் சோதியுங்கள். மைக்ரேஷன் கோப்புகளை (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்புகளை) தொடாதே என்று எழுதியிருந்தோம். டேட்டாபேஸ் அட்டவணையில் புதிய நெடுவரிசை தேவைப்பட்டபோது அது மைக்ரேஷனைத் தொடாமல், அந்தத் தகவலைக் குறிப்புப் பெட்டிக்குள் திணித்துவிட்டது. பழையதைத் திருத்த வேண்டாம், புதிய மைக்ரேஷன் உருவாக்கவும், கட்டளை இதுதான் என்று மாற்றி எழுதினோம். இடைவெளி, அரைப்புள்ளி சம்பந்தமான விதிகளை எல்லாம் ஈஎஸ்லின்ட், பிரிட்டியர் போன்ற, நிரலின் நடையைத் தானாகச் சரிபார்த்துத் திருத்தும் கருவிகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். உண்மையான வாடிக்கையாளர் டேட்டாபேஸைத் தொடாதே என்ற வரியை எத்தனை ஓட்டத்தில் மதித்தாலும், அடுத்த தடவையும் மதிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடவுச்சொல் ஏஜென்ட் ஓடுகிற கணினியிலேயே இருக்கக் கூடாது.

ஏஜென்ட்டுக்குப் பின்னால் ஓடும் மொழி மாதிரி மாறும்போதெல்லாம் நாங்கள் எட்டுப் பழைய வேலைகளை எடுத்து மறுபடி ஓட்டுகிறோம். சில வரிகள் தேவையற்றுப் போகின்றன, அழித்துவிடுகிறோம். ஒரு வேலையில் மாற்றம் காட்டாத வரி இன்னொன்றில் காட்டலாம், அதனால் எட்டும் வேறு வேறு பகுதியைச் சேர்ந்தவை. நீங்கள் எட்டோடு தொடங்க வேண்டியதில்லை. கடந்த மாதம் உங்கள் ஏஜென்ட் செய்த பிழைகளில் ஒன்றை எடுத்து, அதற்குச் சம்பந்தப்பட்ட வரி உங்கள் முந்நூறில் எது என்று பாருங்கள். அந்த வரியையும் இரண்டு ஓட்டப் பதிவையும் இங்கே போட்டால் நானும் வாசித்துப் பார்க்கிறேன்.