எந்த உணவுக்கு எவ்வளவு நிலம்?

கேள்வி: ஒரு கிலோ பருப்பைவிட ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குப் பல மடங்கு நிலம் தேவைப்படுகிறது என்கிறார்களே, இது சரியான ஒப்பீடுதானா?

– வாசகர், தேனி

பதில்: கூற்று சரியே; ஆனால் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. இறைச்சியில் நீர் மிகுதி, பருப்பிலோ குறைவு என்பதால், கிடைக்கும் புரதத்தை அளவுகோலாகக் கொள்வதே பொருத்தமானது. 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின்படி, 100 கிராம் புரதம் பெற ஆட்டிறைச்சிக்குச் சராசரியாக 185 சதுர மீட்டர் நிலமும், இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டுக்கு 164 சதுர மீட்டரும் ஓராண்டு முழுவதும் தேவைப்படுகின்றன. பட்டாணிக்கு 3.4 போதும். வியப்பு என்னவென்றால், கோழி இறைச்சியும் பிற பருப்பு வகைகளும் ஏறத்தாழ 7 சதுர மீட்டரில் சமமாகவே நிற்கின்றன.

ஆடும் மாடும் தின்பதில் பெரும்பகுதி உயிர் வாழவும் உடல் வெப்பத்தைக் காக்கவும் செலவாகிவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கே இறைச்சியாகிறது. தவிர, மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஏக்கருக்குக் கிடைக்கும் தீவனமும் சொற்பம்.

எனினும் எல்லா நிலமும் ஒன்றல்ல. உழவுக்கு உதவாத கரட்டிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து, இரவில் கிடை போடப்பட்டு எருவும் தரும் நம் ஊர் ஆடுகளையும், அமேசான் காட்டை அழித்து உருவாக்கிய புல்வெளியில் வளரும் மாடுகளையும் ஒரே சராசரிக்குள் அடக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது.