காறை எலும்புக்குத் தகடு வைத்தபின் மருந்து டேங்க் தூக்கலாமா?

கேள்வி: வயது 41, ஊர் திருக்கோவில். மோட்டார் சைக்கிளால் விழுந்து இடது காறை எலும்பு (நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) முறிந்தது. தகடு வைத்து ஐந்து கிழமை, நோவில்லை. இன்னும் மூன்று கிழமையில் வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். டேங்க் தூக்கலாமா? முறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டால் கெதியாய்ப் பொருந்தும் என்கிறார்கள்.

பதில்: இந்தப் போகத்து மருந்தடியைக் கூலிக்கு ஆள் பிடித்துச் செய்யுங்கள்.

நோவு நின்றதால் எலும்பு பொருந்திவிட்டது என்று எண்ண வேண்டாம். இப்போது பாரம் தாங்குவது தகடும் ஸ்குரூ ஆணிகளும்தான். வளர்ந்தவர்களுக்கு எலும்பு பொருந்த 6 முதல் 12 கிழமை செல்லும். அதற்குள் திரும்பத் திரும்ப வளைந்தால், கட்டுக்கம்பி ஒடிவதுபோல் தகடும் களைத்து ஒடியலாம். ஆணி கழன்றும் வரலாம். பிறகு இரண்டாவது சத்திரசிகிச்சைதான், சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கவும் நேரும்.

16 லீட்டர் டேங்க் நிரம்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ. அதன் பட்டி சரியாகத் தகட்டின் மேலேதான் படியும். அங்கே தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் சதை மிகக் குறைவு. வலது தோளில் மட்டும் மாட்டுகிறேன் என்பீர்கள். பம்ப் பிடியை அடிப்பது இடது கைதானே? எஞ்சின் டேங்கோ இன்னும் பாரம், அதிர்வும் சேரும். இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பயம் ஈர வரம்புதான். வழுக்கி இடது கையை ஊன்றினால் போதும்.

ஆறாம் கிழமை முடியும்வரை இடது கையைத் தோள் மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள், ஒரு கிலோவுக்கு மேல் பிடிக்காதீர்கள். முழங்கை, மணிக்கட்டு, விரல்களைத் தினமும் மடக்கி நீட்டுங்கள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். ஆறாம் கிழமை எக்ஸ்ரே படம் நன்றாக இருந்தால், விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி. பிறகு அரை லீட்டர்த் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பழகலாம். எட்டாம் கிழமையளவில், கை நோவின்றி முழுதாக அசைந்தால், மோட்டார் சைக்கிளும் வாய்க்கால் பார்க்கும் வேலையும் சரி. மண்வெட்டி, டேங்க், 50 கிலோ யூரியா மூட்டை எல்லாம் 12 கிழமைக்குப் பிறகு, படத்தில் பொருந்தியது தெரிந்தால் மட்டும். அப்போதும் டேங்கை முதலில் கால்வாசி நிரப்பிப் பாருங்கள்.

முறிவு வைத்தியருடையது தகடில்லாத முறிவுக்குப் பழகிய கை. தகடு வைத்த இடத்தில் மருந்துப் பத்துப் போடுவதும் உருவிவிடுவதும் வேண்டாம். காயம் பழுத்தால் கிருமி தகட்டில் ஒட்டிக்கொள்ளும், மருந்துக்கு இலேசில் அடங்காது. சிகரட், பீடி இருந்தால் நிறுத்துங்கள். எலும்பு பொருந்துவதைப் பிந்தவைப்பதில் அதுதான் முன்னுக்கு நிற்கிறது. சீனி வருத்தம் இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள்.

தழும்புக்குக் கீழே மரத்திருப்பது தோல் நரம்பு அறுபட்டதால். பயமில்லை, நாளாக ஆகக் குறையும். ஆனால் காயம் சிவந்து நீர் வடிதல், காய்ச்சல், 'டக்' என்ற சத்தத்தோடு திடீர் நோவு, புதிதாய் ஒரு மேடு, கை வீங்கி நீலம்பாய்தல் என்றால் கிளினிக் நாளைப் பாராமல் அன்றே போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் சுணங்காதீர்கள்.

தகட்டை எடுத்தேயாக வேண்டும் என்றில்லை. அடுத்த போகத்தில் பட்டி உரசி நொந்தால், குறைந்தது ஒரு வருடம் கழித்து எடுக்கலாம். ஆணித் துளைகள் அடைபடும்வரை சில மாதம் மறுபடியும் பாரம் தூக்க முடியாது. ஆகவே அறுவடை முடித்துவிட்டு நாள் எடுங்கள்.