லாம்டா/10, 60-40 என்று எழுதி மிரர் ஆர்டர் செய்தால் போதுமா? வந்ததும் எப்படிச் சோதிப்பது?

போதாது. வெறும் "லாம்டா/10" (பரப்பின் பிழை ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு) என்றால் அது எந்த அலைநீளத்தில், எவ்வளவு விட்டத்துக்குள், பி.வி.யா (மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த புள்ளிகளின் வித்தியாசம்) ஆர்.எம்.எஸ்.ஸா (பரப்பு முழுவதற்குமான ஒருவித சராசரி விலகல்), கோட்டிங்குக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் விற்பவர் விருப்பத்துக்குப் போய்விடும். பி.வி. மதிப்பு பொதுவாக ஆர்.எம்.எஸ்.ஸைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும். அதனால் இந்த ஒரு சொல் விடுபட்டாலே தரம் தலைகீழாக மாறிவிடும். டிராயிங்கில் இப்படி எழுதுங்கள்: "25 மி.மீ. மிரர், நடு 22 மி.மீ.க்குள், 632.8 நானோமீட்டரில் லாம்டா/10 பி.வி., கோட்டிங்குக்குப் பின்." கோட்டிங்கின் உள்விசை மெல்லிய கண்ணாடியை வளைத்துவிடும். தடிமன் விட்டத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த லாம்டா/10 பரப்பின் பிழை. ஒளி நேராக விழுந்து திரும்பினால் அலைமுகப்பில் (திரும்பும் ஒளி அலையின் வடிவத்தில்) பிழை இரட்டிப்பாகி லாம்டா/5 ஆகும். 45 டிகிரியில் 1.4 மடங்கு. ஒளி ஊடுருவிப் போகும் பி.கே.7 வகைக் கண்ணாடி ஜன்னலில் ஒரு பரப்புக்குப் பாதிதான்.

60-40 என்பது பரப்பில் அனுமதிக்கும் கீறல், குழி அளவு. இதில் 40 என்பது குழியின் விட்டம், 0.40 மி.மீ. 60 என்பது கீறலுக்கானது, மைக்ரோமீட்டர் கணக்கு அல்ல. மாதிரிக் கீறலோடு கண்ணால் ஒப்பிட்டுச் சொல்லும் எண். அதனால்தான் இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சாதாரண லென்ஸுக்கு 60-40 தாராளம். பிம்பத் தளத்துக்குப் பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்கு ஆகாது, கீறல் படத்திலேயே தெரியும். அதிக சக்தி லேசருக்கு 10-5 கேளுங்கள்.

சோதிக்க ஆப்டிகல் ஃபிளாட்டும் (மிகத் துல்லியமாகத் தட்டையாக்கிய கண்ணாடி) சோடியம் விளக்கும் போதும். இரண்டு பரப்பையும் நன்றாகத் துடைத்து, மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. விளக்கொளியில் கருப்பும் வெளிச்சமுமாகப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 295 நானோமீட்டர். பட்டை, இடைவெளியில் கால் பங்கு வளைந்தால் பிழை 74 நானோமீட்டர். 632.8 நானோமீட்டரில் லாம்டா/10 என்பது 63 தான், ஆக அது தேறாது. வளையங்கள் தெரிந்தால் மேலே லேசாக அழுத்துங்கள். வெளிப்புறம் விரிந்தால் குவிவு, உள்ளே சுருங்கினால் குழிவு.

கையால் தொட்ட கண்ணாடியை உடனே அளக்காதீர்கள். விரல் சூட்டிலேயே பட்டை வளையும். சில மணி நேரம் அறை வெப்பநிலையில் விட்டுவிட்டு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

விற்பவர் அனுப்பும் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளிப் பட்டைகளை வைத்துப் பரப்பை அளக்கும் கருவி) அறிக்கையில் "பவர்" (பரப்பின் சீரான வளைவு) கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழித்திருந்தால் மிரர் கிண்ணம்போல் வளைந்திருந்தாலும் அறிக்கை லாம்டா/10 என்றே காட்டும்.