பிளக்கில் செருகும் சோலார்

கேள்வி: ஜெர்மனியில் சோலார் பேனலைச் சுவர்ப் பிளக்கிலேயே செருகுகிறார்களாமே, டர்பனில் நாங்களும் செருகலாமா? (சாட்ஸ்வொர்த் வாசகி, தென்னாப்பிரிக்கா)

பதில்: வேண்டாம் அம்மா. அங்கே, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு 800 வோல்ட்-ஆம்பியர் (ஏறக்குறைய 800 வாட்) வரம்பு உண்டு, பதிவும் கட்டாயம். இங்கே நகராட்சி அனுமதி, என்.ஆர்.எஸ். 097-2-1 என்ற தென்னாப்பிரிக்க மின்இணைப்புத் தரத்துக்கு உட்பட்ட இன்வெர்ட்டர், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனின் சான்றிதழ் மூன்றும் தேவை.

ஆபத்து வயரில்தான். 800 வாட் பேனல் சுமார் 3.5 ஆம்பியர் தரும். மெயின் போர்டில், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் 20 ஆம்பியர் பிரேக்கர் தன் வழியாகப் போவதை மட்டுமே அறியும். பேனல் பிளக் வழியே தருவது அதன் கண்ணில் படாது. கெட்டிலும் ஹீட்டரும் அதே லைனில் ஓடினால் வயரில் 23.5 ஆம்பியர் வரை பாயும், பிரேக்கர் விழாது. பழைய வீட்டுக் கூரைக்குள் வயரின் உறை உருகினாலும் வெளியே தெரியாது. எவ்வளவு சிறிய பேனலானாலும் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். ப்ரீபெய்டு மீட்டர் என்றால் முன்கூட்டியே நகராட்சியிடம் கேளுங்கள்: சில மீட்டர்கள், பேனலில் மிஞ்சி வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் செலவாகவே கழித்துவிடும்.