எலெக்ட்ரானிக் லோடை கம்ப்யூட்டரிலிருந்து இயக்கி, 2 வோல்ட்டிலிருந்து 18 வோல்ட் வரை 10 செகண்டில் சீராக ஏறும் மின்னழுத்தம் (ரேம்ப்) உருவாக்க முடியுமா?

முடியும். ஆனால் லோடு மட்டும் போதாது. லோடு மின்னழுத்தத்தை உற்பத்தி செய்வதில்லை, மின்னோட்டத்தை இழுப்பது மட்டும்தான் அதன் வேலை. சிவி மோடில், அதாவது மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மோடில், அது செய்வது, முனைகளில் நீங்கள் சொன்ன வோல்ட் வரும்வரை மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பது. குழாயிலிருந்து நீர் விழும் தொட்டியில் வடிகாலைத் திறந்து மூடி மட்டத்தைப் பிடிப்பது போல. மேலே குழாயும் வேண்டும், அதன் வேகத்துக்கு ஒரு வரம்பும் வேண்டும்.

நீங்கள் கேட்ட 2 வோல்ட்டிலிருந்து 18 வோல்ட் வரையிலான ரேம்புக்கு, பவர் சப்ளையை 20 வோல்ட்டில் வைத்து கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியர் ஆக்குங்கள். லோடைச் சிவி மோடில் வைத்து, சப்ளையின் முனைகளில் இணைத்துவிடுங்கள். சப்ளை லிமிட்டில் நிற்கும், மின்னழுத்தத்தை லோடு தீர்மானிக்கும். லிமிட் இல்லாத, கெட்டியான சோர்ஸ் என்றால் லோடு தன் உச்ச மின்னோட்டம் வரை இழுத்துப் பார்த்துவிட்டு டிரிப் ஆகிவிடும். சோதிக்க வேண்டிய சர்க்யூட் லோடுக்கு இணையாக வரும். அது 1 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் லோடிடம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. முதலில் 2 வோல்ட் கொடுத்து லோடை ஆன் செய்யுங்கள், அப்புறம் சப்ளையை. மாற்றிச் செய்தால், 20 வோல்ட்டில் நிற்கும் சப்ளையின் கப்பாசிட்டர் ஒரே நொடியில் லோடுக்குள் கொட்டும்.

ஏறும் வேகத்துக்கும் எல்லை உண்டு. சப்ளையின் வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 16 வோல்ட்டை 10 செகண்டில் ஏற்ற அது 1 மில்லிஆம்பியர் கூடக் கேட்காது. அதையே 10 மில்லிசெகண்டில் ஏற்றினால் 0.75 ஆம்பியர் கேட்கும், 5 மில்லிசெகண்டில் 1.5 ஆம்பியர். லிமிட் 1 ஆம்பியர் என்பதால் கடைசியாகச் சொன்னது நடக்காது. லோடில் எவ்வளவு நல்ல ப்ரோகிராம் எழுதினாலும் நடக்காது. அடிப்பக்கம் 0 வரை போவதும் கஷ்டம். லோடுக்குள் மின்னோட்டத்தை இழுக்கும் டிரான்சிஸ்டர்களான மாஸ்ஃபெட்டுகளுக்கும் வயருக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. உங்கள் மாடலின் குறைந்தபட்ச இயக்க மின்னழுத்தத்தை டேட்டாஷீட்டில் பாருங்கள்.

சரி, ப்ரோகிராமுக்கு வருவோம். பெரும்பாலான லோடுகள் எஸ்சிபிஐ (அளவீட்டுக் கருவிகளுக்கான பொதுக் கட்டளை மொழி) கட்டளைகளை யூஎஸ்பி அல்லது லேன் வழியாக ஏற்கும், அவற்றை அனுப்பப் பைத்தானில் பைவிசா என்ற லைப்ரரி போதும். ஐம்பது மில்லிசெகண்டுக்கு ஒரு படி என்றால் 10 செகண்டில் 200 படி, படிக்கு 80 மில்லிவோல்ட். பலரும் ஒரு லூப்பில் 80 மில்லிவோல்ட்டைக் கூட்டி, 50 மில்லிசெகண்ட் தூங்க வைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கட்டளை போய்ச்சேரும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். விண்டோஸின் டைமர் துடிப்பே வழக்கமாகச் சுமார் 15.6 மில்லிசெகண்ட். 10 செகண்ட் ரேம்ப் சத்தமில்லாமல் 12, 13 ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தை வைத்து மின்னழுத்தத்தைக் கணக்கிட்டு அனுப்புங்கள். படிகள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சரிவு மாறாது. அனுப்பிய வோல்ட்டை அப்படியே கிராஃபில் போடாதீர்கள், அளந்து வந்ததைப் போடுங்கள்.

இதைவிட வேகம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை நடுவில் வைக்கக்கூடாது. லிஸ்ட் மோடில் படிகளை லோடுக்குள்ளேயே ஏற்றி, ஒரு டிரிகர் கொடுத்தால் அதன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். ஆனால் சில லோடுகளில் லிஸ்ட், மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சிசி மோடுக்கு மட்டும்தான்.

இறங்கும் ரேம்ப் போதுமென்றால் எனக்குப் பிடித்த வழி வேறு. 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை 18 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்து, சப்ளையைக் கழற்றிவிட்டு, லோடைச் சிசி மோடில் 0.1 ஆம்பியரில் ஆன் செய்யுங்கள். செகண்டுக்கு 10 வோல்ட் வீதம், படியே இல்லாத நேர்கோடு, ஒரே கட்டளையில். கப்பாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை விலகியிருக்கலாம் என்பதால் சரிவை ஒருமுறை அளந்துகொண்டு மின்னோட்டத்தைத் திருத்துங்கள். சோதிக்கும் சர்க்யூட்டையும் அதில் இணைத்தால், அது இழுக்கும் மின்னோட்டமும் சரிவில் சேரும்.

சிவி மோடில் ஆஸிலோஸ்கோப்பில் நடுக்கம் தெரிந்தால், சப்ளையும் லோடும் ஒன்றையொன்று திருத்தப் போட்டிபோடுகின்றன என்று அர்த்தம். இடையில் 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். வெறும் ஏறும் ரேம்ப் மட்டும் வேண்டும், லோடுக்கு வேறு வேலை இல்லை என்றால், கம்ப்யூட்டரில் இயங்கும் பவர் சப்ளையே எளிது. சோலார் பேனலின் ஐவி வளைவு (மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் மாறுவதைக் காட்டுவது) எடுப்பது போல, சோர்ஸே சோதனைப் பொருளாக இருக்கும்போதுதான் லோடின் சிவி மோடு நன்றாகக் கைகொடுக்கும்.

ப்ரோகிராம் நடுவில் நின்றாலும் லோடு கடைசிக் கட்டளையிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் லூப்பைப் பைத்தானின் டிரை, ஃபைனலிக்குள் (நடுவில் பிழை வந்தாலும் ஃபைனலி பகுதி ஓடும்) வைத்து, ஃபைனலியில் முதலில் சப்ளையை ஆஃப் செய்யுங்கள், பிறகு லோடை.