முருங்கைக்கீரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லையா?

தண்டையார்பேட்டை அக்காவுக்கு, பொண்ணுக்கு அடிக்கடி முருங்கைக்கீரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். டீயில் இருக்கும் டானின் கீரையின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். குடலால் சரியாக உறிஞ்ச முடியாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

அப்புறம், எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான். கொதித்தால் வைட்டமின் சி குறைந்துவிடும். அந்த வைட்டமின்தான் கீரையிலுள்ள ஃபெர்ரிக் என்ற வகை இரும்பை, குடல் எளிதாக உறிஞ்சும் ஃபெர்ரஸ் வகையாக மாற்றி, உடம்பில் சேர உதவுகிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தானே இருக்கிறது? மத்தி, நெத்திலி வாங்குங்கள். கீரையோடு மீனும் தட்டில் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒருமுறை கட்டாயம் காட்டிவிடுங்கள்.