காணாமற்போன மாமாவைக் கதையில் உயிரோடு கொண்டுவரலாமா?

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. முதன்முதலாக ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு வயது மாணவி ஒருத்தி ரியூஷனுக்குப் போய் வீடு திரும்பவில்லை. அவளைத் தேடத் தேட, 1990இல் காணாமற்போன அவளுடைய தாய்மாமனைப் பற்றி வீட்டார் மறைத்தவை வெளியே வருகின்றன. என் சொந்த மாமாவும் அந்த வருடம்தான் காணாமற்போனார். முதல் மூன்று அத்தியாயங்களை வாசித்த அம்மா, "வீட்டுக் கதையச் சந்திக்குக் கொண்டு வராத மனே" என்று அழுதுவிட்டார். கடைசியில் மாமா வெளிநாட்டில் உயிரோடு இருப்பதாகக் காட்டினால் விறுவிறுப்பாக இருக்கும் என்கிறாள் சிநேகிதி. எழுதலாமா, விடலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

எழுதுங்கள். ஆனால் மாமாவை மட்டும் உயிரோடு கொண்டுவராதீர்கள்.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மறுபடி மூண்ட பிறகு நம் பக்கத்து வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரின் வீட்டார் இன்னமும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலும் உங்கள் நாவலை வாசிப்பார்கள். "உங்கட மகன ஒரு காம்பில கண்டனான்" என்று எவனோ சொன்னதை நம்பி, நகையை விற்றுக் காசு கொடுத்து ஏமாந்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் மாமா கனடாவில் இருந்து வந்து இறங்கினால், அவர்களுக்கு அந்தப் பொய்யை நீங்களும் ஒருமுறை சொன்னதாகிவிடும்.

அந்தப் பொய்யிலேயே உங்கள் கதைக்கு வேண்டிய இரகசியமும் இருக்கிறது. நம் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குச் சீதனமாக எழுத வேண்டிய வீட்டையும் வளவையும் அம்மம்மா ஈடு வைத்து, "மகன எடுத்துத் தாறன்" என்றவரிடம் காசைக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். மகனும் வரவில்லை, காணி உறுதியும் மீளவில்லை. மருமகனுக்கு இன்றுவரை தெரியாது. காசை வாங்கியவர் சொந்தத்துக்குள்ளேயே ஒருவர், இப்போது கோயில் வண்ணக்கர் (நிர்வாகப் பொறுப்பாளர்), ஊரில் மரியாதையான ஆள். பிள்ளையைக் காணவில்லை என்றதும் முன்னுக்கு நின்று தேடுகிறவரும் அவர்தான். வாசகருக்கு இதைப் பாதிக் கதையிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கட்டும். அவர் அந்த வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடிக்கும் ஒவ்வொரு தடவையும் வாசகருக்கு நெஞ்சு பதைக்கும்.

பிள்ளைக்கு இது எப்படித் தெரியவந்தது என்பதற்கும் நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 1994இல் நியமித்த ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒரே தாய் ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடதாசிகளின் போட்டோப்பிரதிகள் அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு பைலில் கிடக்கும். ஒன்றில் "வீட்டில் வைத்துப் பிடித்தார்கள்" என்று இருக்கிறது. அடுத்ததில் "கடைக்குப் போன இடத்தில் பிடித்தார்கள்." சுற்றிவளைப்பு நேரத்தில் பதினேழு வயதுப் பொடியனைக் கடைக்கு அனுப்பியது யார்? அம்மம்மா இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது அதுவாக இருக்கலாம். இந்த ஒரு வரி வித்தியாசம் உங்கள் மூன்று அத்தியாயத் திடுக்கங்களையும்விட வலுவானது.

கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் அயலவர் வாயில் முதலில் என்ன வரும் என்பதே வருடத்தைப் பொறுத்தது. 1990 என்றால் ஆமி. 2003 என்றால் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்பார்கள். 2004 டிசம்பர் 26 என்றால் கடல். இன்றைக்கு என்றால், "ஆரோட போனவள்?" இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. குமர்ப்பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று தகப்பன் ஓர் இரவு முழுக்கப் பொலிசுக்குப் போகாமல் இருக்கிறார் என்று எழுதுங்கள். கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த தாய் அந்த இரவை எப்படிக் கழிப்பாள் என்பதற்கு ஓர் அத்தியாயமே கொடுக்கலாம், அவசரப்படாமல்.

இடத்தையும் வேலை வாங்குங்கள். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போகிற பிள்ளையைக் கூட வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், பாதைக்காரர் உட்பட. மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபின் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு யார் கண்ணிலும் படாமல் மோட்டார் சைக்கிளில் கடந்துவிடலாம். அவள் எந்த வழியால் போனாள் என்பதிலேயே தேடலின் வேகம் மாறும். போனவள் திரும்பி வர வேண்டும். அதில் சிநேகிதி சொல்லும் எந்தத் திருப்பத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் விஷயத்தைக் கடைசிக்கு விட்டது, அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும் என்பதால். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் ஊரே தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் கழிக்கிறபோது, தம்பியை இறந்தவர்களோடு சேர்ப்பதா விடுவதா என்று உங்கள் அம்மா ஒவ்வொரு வருடமும் நினைத்திருப்பார். அவரிடம் குறிப்பேட்டோடு போய் இருக்காதீர்கள். நாவலின் பேச்சை எடுக்காமல், தம்பி என்ன சாப்பாட்டில் ஆசைப்படுவார், எந்தப் பாட்டைப் பாடுவார் என்று கேளுங்கள். சொல்லுகிற மட்டும் சொல்லட்டும். சொன்னது எதையும் கதையில் போடாதீர்கள். மாமாவின் பெயர், அன்று உடுத்திருந்த உடுப்பு, பிடிபட்ட இடம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஊரையும் மாற்றுங்கள். பிறகு எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்கிற விபரத்தை எடுத்துவிடுங்கள். ஈடு வைத்த உறுதியும் மாறிப்போன வாக்குமூலமும் எஞ்சியிருந்தால் நாவல் நிற்கும்.